பட்டறையிலிருந்து தெருவுக்கு: பென்சீனும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும்

காற்று மாசினால் புற்றுநோய் வரும் என்பது இன்று பொது அறிவாகிவிட்டது. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் கிளையாகப் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் முதல் தொகுதியில் திறந்தவெளிக் காற்று மாசைச் சேர்த்தது 2013 அக்டோபர் 17 அன்றுதான். அந்த அறிவிப்பு நுரையீரல் புற்றுநோயை உறுதியான விளைவாகவும், சிறுநீர்ப்பைப் புற்றுநோயைத் தொடர்பு காணப்பட்ட ஒன்றாகவும் குறித்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. ஆனால் நகரக் காற்றில் எப்போதும் கலந்திருக்கும் பென்சீன் என்னும் பொருள் பெரியவர்களுக்கு இரத்தப் புற்றுநோயைத் தரும் என்று அதே முகமை 1980-களிலேயே ஐயமின்றிக் கூறியிருந்தது. தொழிலாளியின் இரத்தத்தைக் கெடுப்பதாக 1897-இலேயே அறியப்பட்ட ஒரு பொருள், சாலையோர வீட்டில் வளரும் குழந்தையின் இரத்தத்தை என்ன செய்யும் என்று முறையாக வினவுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டில் மருத்துவம், தொழில், நீதிமன்றம், எரிபொருள் வணிகம் ஆகிய நான்கும் பென்சீனை எவ்வாறு கையாண்டன என்பதை அறியாமல் இந்தத் தாமதத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

பென்சீன் கண்டறியப்பட்டதே விளக்கெரிக்கும் தொழிலின் கழிவிலிருந்துதான். எண்ணெயைச் சூடாக்கிப் பெற்ற வாயுவை அழுத்திக் கலங்களில் அடைத்து லண்டன் வீடுகளுக்கு விளக்கெரிக்க விற்றுவந்த காலத்தில், அக்கலங்களின் அடியில் தேங்கிய நீர்மத்தை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, 1825-இல் அதிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். ஆறு கரிம அணுக்களும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட, நிறமற்ற, இனிய மணமுள்ள, எளிதில் ஆவியாகும் நீர்மம் அது. சார்லஸ் மான்ஸ்ஃபீல்டு என்ற இளம் வேதியியலாளர் 1849-இல் அதை நிலக்கரித் தாரிலிருந்து பெருமளவில் வடித்தெடுக்கும் வழியைக் கண்டார்; 1855-இல் அதே வடிப்பு வேலையின்போது தீப்பற்றி இறந்தார். அதன்பின் சாயத் தொழிலுக்கு மூலப்பொருளாகவும், ரப்பர், பசை, வண்ணப்பூச்சு, அச்சு மை ஆகியவற்றைக் கரைக்கும் கரைப்பானாகவும் பென்சீன் ஐரோப்பா முழுவதும் பரவியது. ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர் லூட்விக் ரோசெலியஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை நீக்கப் பயன்படுத்தியதும் பென்சீனைத்தான். உடல்நலம் கருதி அந்தக் காப்பியை வாங்கியவர்களுக்கு இச்செய்தி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சுவீடனின் உப்சாலா நகரில் மிதிவண்டி டயர் செய்யும் ஆலையில் பணியாற்றிய இளம் பெண்கள் சிலர் இரத்தப்போக்கினால் இறந்ததை 1897-இல் சான்டெசன் என்ற மருத்துவ அறிஞர் பதிவுசெய்தார். ரப்பரைக் கரைக்க அங்குப் பயன்பட்ட பென்சீன் ஆவியே அதற்குக் காரணம் என்பது அவர் முடிவு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தகர டப்பா ஆலையொன்றில் வேலைசெய்த இளம் பெண்களிடம் 1910-இல் லாரன்ஸ் செல்லிங் இதே நோயைக் கண்டார். முயல்களுக்குப் பென்சீன் கொடுத்து, அவற்றின் எலும்பு மஜ்ஜை, அதாவது எலும்பின் உட்புழையில் இருந்து இரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மென்திசு, அழிந்துபோவதையும் அவர் காட்டினார். இந்த அறிவு முதலில் போய்ச் சேர்ந்த இடம் விந்தையானது. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் என்றால், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு அது மருந்தாகுமல்லவா என்று கருதிய புடாபெஸ்ட் மருத்துவர் கோரானி, 1912 முதல் நோயாளிகளுக்குப் பென்சீனையே கொடுத்துப் பார்த்தார்; சில ஆண்டுகள் அம்முறை பிற நாடுகளிலும் கையாளப்பட்டது. நோயை உண்டாக்கும் பொருளே அந்நோய்க்கு மருந்தாக வழங்கப்பட்டது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. மஜ்ஜையை வற்றச் செய்யும் அதே நஞ்சு, வேறொரு தொழிலாளியிடம் மஜ்ஜையைப் புற்றாக மாற்றவும் கூடும் என்ற இரண்டாம் உண்மை வெளிவர மேலும் காலம் பிடித்தது.

முதல் உலகப் போர் இந்த வரலாற்றை விரைவுபடுத்தியது. டிஎன்டி என்னும் வெடிமருந்துக்குத் தேவையான டொலுவீனைக் கற்கரி உலைகளிலிருந்து எடுத்தபோது உடன்விளைவாகப் பென்சீன் மலைபோல் குவிந்தது. போர் முடிந்ததும் அதற்குச் சந்தை தேட வேண்டியதாயிற்று. ஒரு பகுதி கரைப்பானாக ஆலைகளுக்குச் சென்றது. மற்றொரு பகுதி மோட்டார் எரிபொருளாயிற்று: 1919-இல் பிரிட்டனில் தோன்றிய நேஷனல் பென்சோல் நிறுவனம், பெட்ரோலுடன் பென்சீனைக் கலந்து, எஞ்சின் தட்டாமல் ஓடும் உயர்ந்த எரிபொருள் என்று விளம்பரம் செய்து விற்றது. அமெரிக்காவில் தொழில்சார் நோய் மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட ஆலிஸ் ஹாமில்டன், பென்சீன் நஞ்சு வளர்ந்துவரும் ஆபத்து என்று 1922-இல் எச்சரித்தார். அவருடைய கவலை முழுவதும் ஆலைக்குள் இருந்தது, அக்காலத்தில் அது இயல்பே. பிரெஞ்சு மருத்துவர்களான டெலோரும் போர்கோமானோவும் பென்சீனுக்கு ஆட்பட்ட ஒரு தொழிலாளியிடம் கடும் இரத்தப் புற்றுநோயைக் கண்டு 1928-இல் பதிவுசெய்தது லியோன் நகரில். பிற்காலத்தில் புற்றுநோய் ஆய்வு முகமை அமைந்ததும் அதே ஊரில் என்பது தற்செயலே. அடுத்து இத்தாலியில் என்ரிகோ விலியானி, மிலான் வட்டார அச்சுத் தொழிலாளரிடமும் பாவியா வட்டாரக் காலணித் தொழிலாளரிடமும் இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து திரட்டினார். 1963-இல் இத்தாலி பசைகளிலும் மைகளிலும் பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவகமே 1948-இல் வெளியிட்ட நச்சியல் அறிக்கையில், பென்சீனுக்கு முழுப் பாதுகாப்பான அளவு சுழியம் மட்டுமே என்று பொதுவாகக் கருதப்படுவதாக எழுதியிருந்தது என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும். அறியாமை என்ற சமாதானத்துக்கு அந்த ஆண்டுக்குப் பின் இடமில்லை.

இத்தனை பதிவுகளும் ஒருவர், இருவர் என்ற நோயாளிக் குறிப்புகளாகவே இருந்தன. ஒரு தொழிலையே முழுமையாக எடுத்துக்கொண்டு, அதில் நோய் எவ்வளவு மிகுந்தது என்று கணக்கிட்டவர் இஸ்தான்புல் நகரின் இரத்தவியல் மருத்துவர் முசாஃபர் அக்சோய். அந்நகரின் காலணித் தொழில் பெரும் ஆலைகளில் நடந்ததன்று. நிலவறைகளிலும் மாடிச் சந்துகளிலும் இயங்கிய, சன்னல் திறக்க வழியில்லாத சிறு பட்டறைகளில் நடந்தது. தோலையும் அடித்தட்டையும் ஒட்டும் பசைக்கு முன்பு வேறு கரைப்பான்கள் பயன்பட்டன; 1950-களின் பிற்பகுதியில், விலை மலிவாகவும் விரைவில் உலர்வதாகவும் இருந்ததால், பென்சீன் கலந்த பசை அவற்றின் இடத்தைப் பிடித்தது. பசை டப்பா நாள் முழுவதும் திறந்தே இருக்கும் பட்டறைகளில் காற்றை அளந்தபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் 150 முதல் 210 பங்குவரையும், சில இடங்களில் 650 பங்குவரையும் பென்சீன் இருந்தது தெரியவந்தது. முதலில் மஜ்ஜை வற்றிய நோயாளிகள் வந்தனர். சில ஆண்டுகள் கழித்து, 1967 முதல், கடும் இரத்தப் புற்றுநோயுடன் வரத் தொடங்கினர்.

அக்சோய் தம்மிடம் வந்த நோயாளிகளின் தொழிலைத் தவறாமல் கேட்டறிந்தார் என்பதே அவருடைய முறையின் சிறப்பு. 1967-க்கும் 1973-க்கும் இடையில் 26 காலணித் தொழிலாளரிடம் இரத்தப் புற்றுநோயைக் கண்ட அவர், நகரில் அத்தொழிலில் இருந்தோர் 28,500 பேர் என்ற கணக்கோடு அதை ஒப்பிட்டு, லட்சத்துக்கு ஆண்டொன்றுக்கு 13 பேர் என்ற வீதத்தை 1974-இல் வெளியிட்டார். பொதுமக்களிடம் அவ்வீதம் லட்சத்துக்கு 6 என்று கொள்ளப்பட்டது. தொழிலாளர் தொகை எவ்வளவு துல்லியமானது என்று பின்னர் கேள்வி எழுந்தது உண்மை. ஆயினும் மருத்துவமனையை வந்தடைந்தவர்கள் மட்டுமே எண்ணப்பட்டதால், நோயுற்றோர் தொகை கூடுதலாக இருந்திருக்கவே இடமுண்டு. 1969-க்குப் பின் பட்டறைகள் படிப்படியாகப் பென்சீன் பசையைக் கைவிட்டன. 1970-களின் நடுப்பகுதியிலிருந்து அத்தொழிலிலிருந்து வரும் இரத்தப் புற்றுநோயாளிகளும் குறைந்தனர். காரணத்தை நீக்கியதும் விளைவு குறைவது, நோய்ப்பரவலியலில், அதாவது மக்கள்திரளில் நோய் பரவும் பாங்கை ஆராயும் துறையில், மிக வலிமையான சான்றுகளுள் ஒன்று. அவ்வகையில் இஸ்தான்புல் செருப்புப் பட்டறைகள் அளித்த சான்று ஆய்வுக்கூடச் சோதனைக்குக் குறைந்ததன்று.

இதே காலத்தில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ப்ளையோஃபிலிம் என்னும் ரப்பர் மென்படலம் செய்த ஆலைகளின் பழைய பணிப் பதிவேடுகளை அரசு ஆய்வாளர்கள் புரட்டினர். அவ்வாலைகளில் பென்சீனோடு வேலைசெய்தவர்கள் இரத்தப் புற்றுநோயால் இறந்தது எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல் ஐந்து மடங்கு என்று பீட்டர் இன்ஃபாண்டேயும் உடன் ஆய்வாளரும் 1977-இல் அறிவித்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு, பணியிடக் காற்றில் அனுமதிக்கப்படும் பென்சீன் அளவைப் பத்து லட்சத்துக்கு 10 பங்கிலிருந்து 1 பங்காகக் குறைக்க அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு நிர்வாகம் 1978-இல் ஆணையிட்டது. பெட்ரோலிய நிறுவகம் வழக்குத் தொடுத்தது. 1980 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஆணை செல்லாது என்றது. பத்துப் பங்கு அளவில் குறிப்பிடத்தக்க ஆபத்து உண்டு என்பதை அரசு முதலில் நிறுவ வேண்டும் என்பதே நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம். அறிவியல் முழு உறுதி எட்டும்வரை தொழிலாளர் ஆபத்தைச் சுமக்க வேண்டுமா என்ற நோக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டார். அதே 1 பங்கு அளவு மீண்டும் சட்டமானது 1987-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் பென்சீனின் தன்மை எதுவும் மாறிவிடவில்லை. தாள்கள் மட்டுமே பெருகின. தீங்கு உண்டென்று நிறுவும் சுமை, தீங்குக்கு ஆளாவோரைக் காக்க முனையும் அரசின் மீதே விழும் என்ற நெறி இவ்வழக்கில் வலுப்பெற்றது. பணிப்பதிவேடும் சங்கமும் உள்ள தொழிலாளருக்கே இந்நிலை என்றால், இவ்விரண்டும் இல்லாத குழந்தைகளின் நிலையை ஊகிக்கலாம்.

ஆலைக்குள் பென்சீன் கட்டுப்படத் தொடங்கிய அதே ஆண்டுகளில் தெருவில் அது வேறு வழியாக நுழைந்தது. எஞ்சினுக்குள் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டுவதைத் தடுக்கும் ஆற்றலை ஆக்டேன் அளவு என்பர். 1920-களிலிருந்து அந்த ஆற்றலைத் தந்தது பெட்ரோலில் கலந்த ஈயச் சேர்மம். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது தெளிவானதும், வாகனப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றியை ஈயம் பழுதாக்கியதும் சேர்ந்து, 1970-களின் நடுவில் அமெரிக்காவிலும் பின்னர் ஐரோப்பாவிலும் ஈயம் படிப்படியாக விலக்கப்படத் தொடங்கியது. அதன் இடத்தை நிரப்பச் சுத்திகரிப்பு ஆலைகள் பென்சீன், டொலுவீன், சைலீன் முதலிய நறுமணச் சேர்மங்களின் பங்கை உயர்த்தின. ஈயத்தை நீக்கியது சரியான முடிவே, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு நஞ்சை வெளியேற்றும்போது மற்றொன்றுக்குக் கதவு திறக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அப்போது எவருடையதாகவும் இல்லை. பெட்ரோலில் 5 விழுக்காடுவரை பென்சீன் இருக்கலாம் என்று ஐரோப்பியச் சமூகம் 1985-இல் வரையறுத்தது. அது 1 விழுக்காடாகக் குறைந்தது 2000-இல்தான். எரியாமல் புகைக்குழாய் வழியே வெளியேறுவது, டாங்கியிலிருந்து ஆவியாவது, பெட்ரோல் நிரப்பும்போது காற்றில் கலப்பது ஆகிய மூன்று வழிகளிலும் பென்சீன் நகரத்தாரின் மூச்சில் சேர்ந்தது.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைப் பற்றி அக்காலத்தில் மருத்துவம் அறிந்திருந்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களின் முன்னோடி அணுக்கள் முதிர்ச்சியடையாமல் மஜ்ஜைக்குள் கட்டுமீறிப் பெருகுவதே இந்நோய். குழந்தைகளிடம் ஐந்தில் நான்கு பங்கு காணப்படுவது நிணநீரணு வகை. எஞ்சியதில் பெரும்பகுதி, மஜ்ஜையணு வகை எனப்படும் மற்றொன்று. பென்சீன் ஆலைத் தொழிலாளரிடம் உண்டாக்கியது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை என்பது பின்னால் முக்கியமாகும். 1948-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் 16 குழந்தைகளுள் 10 பேருக்குத் தற்காலிக நிவாரணம் கிட்டியதைக் காட்டினார். அம்மருந்தை உருவாக்கித் தந்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் இயங்கிய குழு. அன்று தொடங்கிய மருந்துகளின் வளர்ச்சியால், வளமான நாடுகளில் நிணநீரணு வகை நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர். மருத்துவ வரலாற்றின் பெரும் சாதனைகளுள் இது ஒன்று. எனினும் நோயைத் தீர்க்கும் ஆராய்ச்சிக்குக் கிட்டிய பொருளும் புகழும், நோய் ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சிக்குக் கிட்டவில்லை. கதிர்வீச்சு, சில மரபணுக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கு அப்பால் காரணப் பட்டியல் நெடுங்காலம் வெறுமையாகவே இருந்தது.

அந்த வெறுமையில் தெருப் புகை இடம்பெற்றது, வேறொன்றைத் தேடியபோதுதான். அமெரிக்காவின் டென்வர் நகரில், மின்கம்பிகளுக்கு அருகில் வாழும் குழந்தைகளுக்குப் புற்றுநோய் மிகுதி என்று நான்சி வெர்தைமரும் எட் லீப்பரும் 1979-இல் எழுதியது பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதைச் சரிபார்க்க டேவிட் சாவிட்ஸ் அதே நகரில் புதிய ஆய்வொன்றை நடத்தினார். தடித்த மின்கம்பிகள் செல்லும் தெருக்கள் பெரும்பாலும் வாகனம் நெரியும் தெருக்களும் ஆதலால், மின்சாரத்தின் மீது சுமத்தப்படும் பழி உண்மையில் வாகனத்துக்கு உரியதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரு காரணத்தோடு ஒட்டிவந்து கணக்கைக் குழப்பும் இத்தகைய மற்றொரு காரணியைக் குழப்பக் காரணி என்பர். சாவிட்ஸும் லிசா ஃபைன்கோல்டும் நகரின் போக்குவரத்துக் கணக்கைக் குழந்தைகளின் முகவரிகளோடு பொருத்தி 1989-இல் வெளியிட்ட முடிவின்படி, நாளொன்றுக்கு 10,000 வாகனங்களுக்கு மேல் செல்லும் தெருக்களில் வாழ்ந்த குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. அத்தகைய தெருக்களில் வாழ்ந்த குழந்தைகள் மிகச் சிலரே ஆதலால் அந்த எண் உறுதியற்றது என்று ஆசிரியர்களே கூறினர். ஆயினும் வினா பிறந்துவிட்டது. மின்கம்பி ஆய்வின் துணைப்பொருளாக அல்லாமல், பென்சீன் ஆய்வாளர்களே அதை நேரடியாக எழுப்பியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் குறைகூறத்தக்கது.

அதன்பின் வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. டென்மார்க்கில் ஓலே ராஷோ-நீல்சன் குழு, 1968 முதல் 1991 வரை புற்றுநோய் கண்ட ஏறத்தாழ இரண்டாயிரம் குழந்தைகளின் ஒவ்வொரு வீட்டு முகவரியிலும் காற்று மாசு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, இரத்தப் புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்று 2001-இல் அறிவித்தது. நாடு முழுவதற்குமான பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டமையால் அந்த முடிவுக்குப் பெருமதிப்பு இருந்தது. கலிபோர்னியா ஆய்வுகள் சிலவும் அவ்வாறே முடிந்தன. மறுபக்கம், இத்தாலியின் வரேசே மாவட்டத்தில் சாலையிலிருந்து வரும் பென்சீனைக் கணக்கிட்ட பாவ்லோ குரோசின்யானி குழு, கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் மதிப்பிடப்பட்ட வீடுகளில் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்று 2004-இல் எழுதியது. பெட்ரோல் பங்க் அல்லது வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறைக்கு அடுத்த வீட்டில் வாழ்ந்த குழந்தைகளுக்கு நான்கு மடங்கு என்று அதே ஆண்டில் ஒரு பிரெஞ்சு ஆய்வு கூறியது. அதைவிடப் பெரிய மற்றொரு பிரெஞ்சு ஆய்வில் 2009-இல் அந்த எண் ஒன்றரை மடங்கு அளவுக்கு இறங்கியது; இறங்கியதே ஒழிய மறையவில்லை. சுவிட்சர்லாந்தில் நெடுஞ்சாலைக்கு நூறு மீட்டருக்குள் வாழ்ந்த குழந்தைகளைப் பற்றி 2015-இல் வந்த முடிவும் ஏறத்தாழ இந்த அளவையே காட்டியது, ஐந்து வயதுக்கு உட்பட்டோரிடம் அது கூடுதலாக இருந்தது.

இந்த முரண்பாட்டில் ஒரு பகுதி, நோயை எண்ணும் முறையிலேயே இருந்தது. பென்சீன் மஜ்ஜையணு வகையை மட்டும் மிகுவிப்பதாகக் கொண்டால், ஐந்தில் நான்கு பங்கான நிணநீரணு வகையோடு அதைக் கலந்து எண்ணும் எந்த ஆய்விலும் அந்த மிகுதி அமிழ்ந்துபோகும். பிரான்சில் 2015-இல் ஹூவோ குழு இரு வகைகளையும் பிரித்துப் பார்த்தபோது, வாகனம் நெரியும் பெருஞ்சாலைகளுக்கு அருகிலும் பென்சீன் மிகுந்தும் உள்ள வீடுகளில் மஜ்ஜையணு வகை ஏறத்தாழ இரு மடங்காகவும், நிணநீரணு வகை மிகாமலும் இருக்கக் கண்டது. இன்னும் குறிப்பிடத்தக்கது டென்மார்க்கில் நடந்தது: முன்பு தொடர்பில்லை என்று முடித்த அதே குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, பென்சீனுக்கும் நோயின் வகைகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டபோது, மஜ்ஜையணு வகையோடு தொடர்பு தென்படுவதை 2018-இல் ராஷோ-நீல்சன் குழுவே வெளியிட்டது. பழைய முடிவைப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தாமே திறந்து பார்த்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. முதல் முடிவை மேற்கோளாகக் காட்டி வாதிட்டவர்கள் இரண்டாவதை அதே ஆர்வத்தோடு காட்டவில்லை.

உடலுக்குள் நடப்பது ஓரளவு தெரிந்ததே. மூச்சோடு புகும் பென்சீனைக் கல்லீரல் ஃபீனாலாகவும் ஹைட்ரோகுயினோனாகவும் மாற்றுகிறது. அவை மஜ்ஜையை அடைந்ததும் அங்குள்ள ஒரு நொதியால் குயினோன்களாகி, பிரிந்து பெருகும் அணுக்களின் குரோமோசோம்களை முறிக்கின்றன. குழந்தையின் நோய் கருவிலேயே தொடங்கக்கூடும் என்பதை லண்டனில் மெல் கிரீவ்ஸ் குழு 1990-களின் பிற்பகுதியில் மெய்ப்பித்தது: பிறந்தவுடன் குதிகாலில் குத்தி அட்டையில் சேமித்த இரத்தத்துளியை, ஆண்டுகள் கழித்து நோயுற்ற குழந்தைகளுக்காகத் தேடி எடுத்துச் சோதித்தபோது, நோய்க்குரிய மரபணுப் பிணைப்பு அதிலேயே இருந்தது. பென்சீன் நச்சுக்கொடியைக் கடந்து கருவை எட்டும் ஆதலால், தாய் மூச்சுவிட்ட காற்றும் கணக்கில் சேர வேண்டியதாகிறது. ஆனால் கிரீவ்ஸ் கருதிய இரண்டாம் தூண்டுதல் காற்று மாசன்று. மிகத் தூய்மையான சூழலில் வளரும் குழந்தை தொற்றுகளைக் காலந்தாழ்த்திச் சந்திப்பதே நிணநீரணு வகைக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. இரு விளக்கங்களும் இரு வேறு வகை நோய்க்கு உரியவையாக இருக்கலாம் என்பதால், ஒன்றை மற்றொன்றுக்கு மறுப்பாக நிறுத்துவது பொருந்தாது.

எதிர்வாதத்தின் வலுவான பகுதி அளவைப் பற்றியது. பத்து லட்சத்துக்கு 1 பங்கு என்ற ஆலை அளவு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3,200 மைக்ரோகிராம்; இன்றைய நகரத் தெருவில் இருப்பது அதில் பல நூற்றில் ஒரு பங்கு. ஆலையின் பேரளவில் கண்டதைத் தெருவின் சிற்றளவுக்கு நீட்டலாமா என்பது நியாயமான கேள்வி. இதற்கு மறுமொழியாக, தொழிலாளி எட்டு மணி நேரம் மூச்சுவிடும் இடத்தில் குழந்தை முழு நாளும் வாழ்கிறது என்பதையும், உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் அது பெரியவரைவிட மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறது என்பதையும், அதன் மஜ்ஜை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் கருத வேண்டும். மறுபக்கம், பதினைந்து வயதுக்கு உட்பட்டோரில் லட்சத்துக்கு ஆண்டுதோறும் நான்கைந்து பேருக்கே வரும் நோய் இது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வகையின் வாய்ப்பு இரட்டித்தாலும், தனியொரு குழந்தைக்குக் கூடும் ஆபத்து மிகச் சிறிது. சாலையோரத்தில் குடியிருக்கும் பெற்றோர் அஞ்சி நடுங்க வேண்டிய எண்ணிக்கை அன்று இது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்குக் காற்றின் தரத்தை வகுக்கும் அரசு புறக்கணிக்கக் கூடாத எண்ணிக்கை.

லியோன் முகமை 2017-இல் பென்சீனை மீண்டும் ஆய்ந்து, குழந்தைகளின் மஜ்ஜையணு வகை இரத்தப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது என்று முதன்முறையாகப் பதிவுசெய்தது. பெரியவர்களுக்குச் சொன்ன உறுதிக்கு ஒருபடி கீழான சொல் அது. சான்றுகளின் இன்றைய நிலைக்கு ஏற்ற சொல்லும் அதுவே. பாதுகாப்பான அளவு என்று எதையும் பரிந்துரைக்க இயலாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கன மீட்டருக்கு 1.7 மைக்ரோகிராம் பென்சீனை வாழ்நாள் முழுவதும் மூச்சில் ஏற்றால் லட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாக இரத்தப் புற்றுநோய் வரும் என்பது அதன் மதிப்பீடு.

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் முற்றிலும் நின்றது; பென்சீனுக்கு 1 விழுக்காடு என்ற உச்ச வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது 2010-இல். காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்று 2009-இல் வகுத்த தேசியத் தரம், அன்றைய ஐரோப்பிய வரம்புக்கு இணையானது. புதிய பெட்ரோல் பங்குகள் பள்ளிகள், மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது. இடநெருக்கடி உள்ள ஊர்களில், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு, அதை 30 மீட்டர்வரை குறைத்துக்கொள்ளவும் அதே நெறிமுறை இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் தன் வரம்பை 3.4 மைக்ரோகிராமாகக் குறைத்து, 2030-க்குள் அதை எட்ட வேண்டும் என்று விதித்துள்ளது; இந்தியத் தரத்தையும் அவ்வாறு திருத்துவதற்கான சான்றுகள் இப்போதே போதுமானவை.